மயங்கும் முன் ஒரு படம்

“சமீபத்துல பாத்த படம் ஏதாவது சொல்லுங்க,” என்கிறார் மயக்க டாக்டர், நோயாளியின் புறங்கையில் ஊசிக்குழாய் சரியாக இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தபடியே. “பேரெல்லாம் வேணாம். எது ஞாபகம் வருதோ அது போதும்.”

மற்ற மயக்க டாக்டர்கள் நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வார்கள். இவருக்கு எண்கள் மேல் நம்பிக்கை கிடையாது. எண்ணச் சொன்னால் மனுஷன் பரீட்சை எழுதுகிற முகத்தோடு தூங்கிப்போகிறான், எழும்போதும் அதே முகத்தோடு எழுகிறான் என்பது இவர் கட்சி. படம் சொல்லச் சொன்னால் நெற்றி தளர்ந்துவிடும். முதலில் ஒரு சின்ன மருந்து போகும். அது உடம்பை மிதக்கவிடும், நாக்கின் கட்டைக் கொஞ்சம் அவிழ்த்துவிடும். அப்புறம் பால் நிறத்தில் ஒரு மருந்து. அது ஏறினால் வாக்கியம் பாதியில் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் சில நிமிஷங்கள் கிடைக்கின்றன. அந்தச் சில நிமிஷங்களில்தான் இவருடைய சினிமா ஓடுகிறது.

ஆள் குள்ளம். துணித்தொப்பிக்குள் அடங்காத பெரிய காதுகள். ஆபரேஷன் மேஜையின் தலைமாட்டில், சக்கரம் வைத்த ஒரு வட்ட ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அதனால் நோயாளிகள் எல்லோரும் இவரைத் தலைகீழாகத்தான் பார்த்திருக்கிறார்கள், அதுவும் மாஸ்க் போட்ட முகமாக. குணமானவர்கள் சர்ஜனுக்குப் பழக்கூடை கொண்டுவந்து கொடுக்கும்போது, பக்கத்தில் நிற்கிற இவரைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளிக்குங்க சார்” என்பார்கள். இவரும் தள்ளிக்கொள்வார். கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக்கொள்ளவும் தவறமாட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரையே தூங்கவைக்கிற இந்த மனுஷருக்குச் சினிமாக் கொட்டகையில் விழித்திருக்கத் தெரியாது. விளக்கு அணைந்து, பெயர்கள் ஓடி முடிவதற்குள் கண் சொருகிவிடும். கல்யாணமான புதிதில் மனைவி இடித்து இடித்து எழுப்பிப் பார்த்தார். முழங்கைதான் வலித்தது. இப்போதெல்லாம் அந்த அம்மாள் தன் பள்ளிக்கூடத்து டீச்சர்களோடு போய்விடுகிறார். இவருக்குத் தெரிந்த படங்களெல்லாம் மேஜையில் படுத்தவர்கள் வாயால் தெரிந்தவை.

“நான் பாத்த தியேட்டர் ஒண்ணே ஒண்ணுதான்,” என்பார் ஆபரேஷன் தியேட்டரின் பச்சைச் சுவரைக் காட்டி. “இங்க டிக்கெட் கிடையாது. ஆனா எந்தப் படத்துக்கும் கிளைமாக்ஸும் கிடையாது.”

அது உண்மைதான். ஒருமுறை ஒரு லாரி டிரைவர், குடலிறக்கத்துக்காக வந்தவர், ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் முணுமுணுத்தார்: “அந்தப் பொண்ணு கதவத் தட்டுது... உள்ள ஆளு இருக்கு... தொறக்கல... இந்தப் பக்கம் இவ கைய வச்சிருக்கா, அந்தப் பக்கம் அவன் கைய...” அதோடு தூங்கிவிட்டார். கதவு திறந்ததா இல்லையா என்று இவருக்கு இன்றுவரை தெரியாது. டிரைவரைக் கேட்டுப் பயனில்லை, அந்த மருந்து ஏறினவர்களுக்குத் தாங்கள் பேசியது எதுவும் நினைவில் நிற்காது. மனைவிக்கு முடிவு தெரியும். சொல்லவந்தார். இவர்தான் கையை நீட்டித் தடுத்துவிட்டார். “வேணாம். ரெண்டு கையும் கதவு மேலயே இருக்கட்டும். எவ்வளவு நல்லாயிருக்கு.”

இப்படி முடியாத படங்கள் இவருக்குள் ஏராளம். யாரோ ஒருத்தி மாடியில் தலை துவட்டிக்கொண்டே இருக்கிறாள். ஒரு ரயில் நிலையத்தில் நின்றபடியே நிற்கிறது, ஜன்னலில் ஒரு கை அசைந்துகொண்டிருக்கிறது. ஒருவர் சொன்ன படத்தில் கடல் சாம்பல் நிறம், அதே படத்தை இன்னொருவர் சொன்னால் பச்சை. இவர் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வார். வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, தெருவும் வெயிலும் ஒரு ஓரமாக இருக்க, அந்தத் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடிக்கொண்டிருக்கும். எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொன்னால் கொஞ்சம் தாமதமாகத்தான் பதில் வரும். தலைக்கனம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பாவம், அவர் அப்போது சாம்பலும் பச்சையுமான ஒரு கடற்கரையில் இருப்பார்.

இந்தக் கேள்விப்பட்ட சினிமாவை வைத்துத்தான் இவர் ஜோசியம் சொல்கிறார். புதிதாக வந்த படங்களில் எது காலத்துக்கும் இருக்கும், எது போய்விடும் என்று. தீர்ப்புக்கு இவரிடம் இரண்டே வார்த்தைகள். ஒன்று “தங்கும்”. இன்னொன்று “கரைஞ்சிடும்”.

“முழிச்சிட்டு இருக்கும்போது எல்லாருமே அடுத்தவனுக்காகத்தான் படம் சொல்லுவாங்க. பெரிய படம், பரிசு வாங்கின படம், எல்லாரும் பாத்த படம். பாதி மயக்கத்துல யாரு முன்னாடி பந்தா பண்றது? அப்ப வாயில எது வருதோ அதுதான் உள்ள போயிருக்கு.” இதுதான் இவருடைய சித்தாந்தம் முழுவதும். கூடவே ஒரு நிபந்தனை: படம் வந்து சூடு ஆறியிருக்கவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்வதைக் கணக்கில் எடுக்கமாட்டார். சுவரொட்டி கிழிந்து, அதன் மேல் வேறு சுவரொட்டி ஒட்டி, அதுவும் கிழிந்த பிறகு யாராவது சொல்லவேண்டும்.

சர்ஜன் இதை ஒப்புக்கொள்வதில்லை. கடலே பற்றி எரிவதாகக் காட்டிய அந்தப் பிரம்மாண்டமான படம் வந்தபோது, “இது நூறு வருஷம் நிக்கும், எழுதி வச்சுக்குங்க” என்று கை கழுவிக்கொண்டே அடித்துச் சொன்னார். மயக்க டாக்டர் வெறுமனே சிரித்தார். மாதங்கள் போயின. மேஜையில் படுத்த ஒருவர் வாயிலும் அந்தக் கடல் எரியவில்லை. “கரைஞ்சிடுச்சு,” என்றார் இவர். அதற்காக இவர் சொல்வதெல்லாம் பலிக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. ஒரு நாய் படத்தைத் தங்கும் தங்கும் என்று தலையில் வைத்துக் கொண்டாடினார், அது வந்த சுவடு தெரியாமல் போயிற்று. சர்ஜன் விடுவாரா? பிடித்துக்கொண்டார். “என் தப்பு இல்ல சார்,” என்றார் இவர் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. “அந்தச் சமயம் வந்த மூணு பேரும் ஒரே குடும்பம். வீட்டுல இருக்கறது ஒரே டிவி.”

இப்படி யாருக்கும் நட்டமில்லாமல் நடந்துகொண்டிருந்த ஜோசியத்தில், மச்சினன் படம் எடுத்ததும் வினை வந்து சேர்ந்தது.

மனைவியின் தம்பி அவன். இவர்கள் கல்யாணமான புதிதில் போகிற இடத்துக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்த பையன். பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையாகவே வளர்ந்தான். எத்தனையோ வருஷம் யார் யாரிடமோ உதவியாளனாக அலைந்து, கடைசியில் தானே ஒரு படம் எடுத்தான். மழையே பெய்யாத ஒரு ஊரில் குடை ரிப்பேர் செய்து பிழைக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய படம். முதல் காட்சிக்கு மாமாவை நடுநாயகமாக உட்காரவைத்தான். மாமா குறட்டை விட்டார். அதைக்கூட அவன் மன்னித்துவிட்டான். ஆனால் ஊரும் வந்து பார்க்கவில்லை. ஒரே வாரத்தில் படம் பெட்டிக்குள் போய்விட்டது.

அன்றிலிருந்து அவன் போன் வராத வாரம் கிடையாது.

“மாமா, யாராச்சும் சொன்னாங்களா?”

“இன்னும் இல்ல மாப்ள. சூடு ஆறணும்ல.”

“அது சூடே ஆகல மாமா. எங்கேர்ந்து ஆறும்?”

சிரித்துக்கொண்டுதான் கேட்பான். ஆனால் அந்தச் சிரிப்பில் உயிர் இல்லை என்பது இவருக்குத் தெரியும். அவனுடைய மாமனார் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். குளியலறைக்கும் அடுப்படிக்கும் ஒட்டுகிற டைல்ஸ். இன்னொரு கிளை திறக்கப்போகிறார், மருமகன் வந்து உட்காரவேண்டும், வருகிறானா இல்லையா என்று சொல்லிவிடவேண்டும். அடுத்த கதையும் தயாராகத்தான் அவன் பையில் இருந்தது. இரண்டில் எது என்பதை அவன் இந்தப் பெரிய காதுக்காரரின் ஒரு வார்த்தையில் தொங்கவிட்டிருந்தான். “தங்கும்னு நீங்க சொல்லிட்டா போதும் மாமா, நான் இன்னொண்ணு எடுத்துடுவேன். இல்லேன்னா டைல்ஸ்தான்.”

மனைவிக்குப் பொறுக்கவில்லை. “ஒரு வார்த்தை. தங்கும்னு சொன்னா வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?”

“யாரும் சொல்லலியேம்மா.”

“யாரோ சொன்னதா நீங்க சொல்லுங்க. அவன் என்ன, வந்து சரிபாக்கவா போறான்?”

இவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். பொய் சொல்லக்கூடாது என்ற பெரிய கொள்கையெல்லாம் இவருக்கு இல்லை. எடை குறைந்திருக்கிறது என்று மனைவியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாக்கு புரள மறுத்தது. கண்ணை மூடப்போகிற மனிதர்கள் நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிற பொருளில் கலப்படம் செய்வதுபோல இருந்தது.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்தார். அது இன்னும் மோசம். தைராய்டு ஆபரேஷனுக்கு வந்திருந்த ஒரு அம்மாளிடம், சின்ன மருந்து ஏறியதும், வழக்கமான கேள்வியைக் கேட்காமல், “மழை... குடை... அந்த மாதிரி ஏதாவது படம் பாத்தீங்களாம்மா?” என்று ஆரம்பித்தார்.

“ஆமா டாக்டர்,” என்றார் அந்த அம்மாள் மிதந்தபடி. “மழையா? ஐயோ... மாடியில துணி காயுது... அவர எடுக்கச் சொல்லுங்க... அவருக்குச் சொன்னாத்தான் செய்வார்...”

ஆபரேஷன் தியேட்டரின் பெரிய சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பி உபகரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு மெல்லச் சொன்னார்: “சார், இன்னிக்கு நீங்க எடுத்துக் குடுத்தீங்க.”

“ம்,” என்றார் இவர். முகம் சிறுத்துவிட்டது. இத்தனை வருஷமாகக் கேட்டு வந்த காது, ஒரு நாள் தனக்கு வேண்டியதைக் கேட்க ஆசைப்பட்டுவிட்டது. இனி யாராவது தானாகவே குடையைச் சொன்னால்கூட, அது தன் குரலின் எதிரொலியோ என்று சந்தேகம் வருமே என்று நொந்துகொண்டார். அதற்கப்புறம் எடுத்துக்கொடுக்கவில்லை. குடையும் வரவில்லை.

வந்தது வேறொரு படம். குடைப் படம் வெளியான அதே நாளில், அதே ஊரில், எதிர்க் கொட்டகையில் வெளியானது. மச்சினனோடு ஒன்றாக உதவியாளனாக இருந்தவன் எடுத்தது. ஒரு கிழவரும் கிழவியும் சண்டை போட்டுக்கொண்டே லிஃப்டில் ஏறுகிறார்கள், லிஃப்ட் நடுவில் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் கதை. அதுவும் பெரிதாக ஓடவில்லை. மச்சினன் அதைக் கிழி கிழியென்று கிழிப்பான். “ரெண்டு மணி நேரம் ஒரு பொட்டிக்குள்ள ரெண்டு பெருசுங்க மொணமொணன்னு... அதுக்குப் பேரு படமாம்.” ஆனால் அங்கொருவரும் இங்கொருவருமாக அதைச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கிழவி கைப்பையிலிருந்து எதையோ எடுத்துக் கிழவரிடம் நீட்டுகிற இடம். பிஸ்கட் என்றார் ஒருவர். மிட்டாய் என்றாள் ஒரு பெண். இவர் இன்னும் “தங்கும்” என்று சொல்லவில்லை. சொல்ல மனமில்லை என்பதுதான் நிஜம்.

இந்த நேரத்தில்தான் மச்சினனுக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. வலி வந்தால் சுருண்டுவிடுகிறான், எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் சர்ஜன். சொந்தக்காரர்களுக்கு இவர் மயக்கம் கொடுப்பதில்லை. கை நடுங்காது, ஆனாலும் மனசு நடுங்கும் என்பார். வேறு டாக்டரை ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். மச்சினன் கேட்கவில்லை.

“நீங்கதான் போடணும் மாமா. நான் என் படத்தச் சொல்லிட்டுத் தூங்குறேன். ஒரு ஓட்டாவது விழட்டும்.”

“தயார் பண்ணிட்டு வந்து சொல்றது கணக்குல சேராது மாப்ள.”

“உங்க கணக்குல சேரவேணாம். என் கணக்குல சேந்தா போதும்.”

எந்தக் காட்சி என்பதைக்கூட முடிவு செய்து வைத்திருந்தான். கடைசியில் மழை வருகிறது. அந்தப் பெண் எல்லாக் குடைகளையும் ஊருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நனைந்துகொண்டு நடக்கிறாள். அதைச் சொல்லும்போது அவன் கண் பளபளத்தது. இவர் சரி என்று சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் நாளில் காலை வெளிச்சம் மங்கலான ஜன்னல் கண்ணாடி வழியாகப் பரவி, அறை முழுவதும் தண்ணீருக்குள் இருப்பதுபோல இருந்தது. மச்சினன் தலைகீழாகத் தெரிந்த மாமாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். விரலில் மாட்டிய கிளிப் அவன் நாடியை ஒலியாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. சின்ன மருந்து ஏறியது. ஒலிகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் அகன்றது.

“சொல்லு மாப்ள.”

“ஒரு ஊரு... மழையே கிடையாது...” பாடம் ஒப்பிப்பவனைப்போல ஆரம்பித்தான். “அந்தப் பொண்ணு கடையத் தொறக்குது... குடையெல்லாம் மாட்டி வச்சு...”

நிறுத்தினான். இமைகள் பாதி இறங்கின. நெற்றியிலிருந்த சுருக்கம் ஒவ்வொன்றாகக் கழன்றது. இவர் மூச்சைக் கூடக் குறைத்துக்கொண்டு குனிந்தார்.

“லிஃப்ட் நின்னுடுச்சு,” என்றான் மச்சினன்.

இவர் அசையவில்லை.

“ரெண்டும் பேசிக்கல... அவ பையத் தொறக்குறா... ஒரே ஒரு பிஸ்கட்டு... உடைக்கிறா மாமா... பெரிய பாதி அவருக்கு... மூஞ்சியப் பாக்காமயே நீட்டுறா... எங்கயோ பாத்துக்கிட்டு... அத எப்படி எடுத்தான்... எப்படித் தோணுச்சு அவனுக்கு...” குழந்தை கேட்பதுபோல இருந்தது குரல். “அத நான் எடுத்திருக்கணும் மாமா.”

பால் நிற மருந்தை ஏற்றவேண்டிய நேரம். கை தன் வேலையைச் செய்தது. மச்சினன் தூங்கிவிட்டான்.

“என்ன படம்?” என்று கேட்டார் சர்ஜன், கையுறையை இழுத்துவிட்டபடி. எப்போதும் கேட்பதுதான்.

“சரியா காதுல விழல,” என்றார் மயக்க டாக்டர். அந்தக் காதுகளை வைத்துக்கொண்டு அவர் அப்படிச் சொன்னது பெரிய சிஸ்டருக்கே ஆச்சரியமாக இருந்தது. திரும்பிப் பார்த்துவிட்டு, உபகரணங்களை எண்ணத் தொடங்கினார்.

ஆபரேஷன் நடந்த நேரம் முழுவதும் இவர் ஸ்டூலில் உட்கார்ந்து திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் படம் தங்கும். இனி அதில் சந்தேகம் இல்லை. வயிறெரிந்து திட்டுகிறவன் வாயிலிருந்தே வந்துவிட்ட பிறகு வேறென்ன சாட்சி வேண்டும்? இவ்வளவு உறுதியாக எந்தப் படத்தைப் பற்றியும் இவருக்குத் தோன்றியதில்லை. கூடவே அழுகையும் வந்தது. தன் படத்தைச் சொல்லிவிட்டுத் தூங்கவேண்டும் என்று வந்த பிள்ளையை அவனுடைய மனசே கைவிட்டுவிட்டதே என்று இருந்தது. அவன் தூங்கும் முகத்தைக் குனிந்து பார்த்தார். அரைப் பிரக்ஞையில்கூட அடுத்தவன் எடுத்த ஒரு காட்சிக்காக ஏங்குகிறவனைக் கொண்டுபோய் டைல்ஸ் நடுவில் உட்காரவைத்தால் உட்காருவானா? உட்காருவான். அதுதான் இவருக்குப் பயமாக இருந்தது. நல்ல பையன், சொன்னால் உட்கார்ந்துவிடுவான்.

கல்லை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். மச்சினனை மயக்கம் தெளிகிற அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜன்னலோரம் திரைச்சீலை காற்றில் உப்பிக்கொண்டும் அடங்கிக்கொண்டும் இருந்தது. மனைவி கதவுக்கு வெளியே நின்றிருந்தார். கண் திறக்கிறவர்கள் முதலில் பார்ப்பது ஒரு முழு முகமாக இருக்கவேண்டும் என்பது இவருடைய பிடிவாதம், அரைமயக்கத்தில் பார்த்த அந்த முகம் பிறகு யார் நினைவிலும் நிற்பதில்லை என்றாலும். அதனால் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, இந்த முறை தலைமாட்டில் நிற்காமல், பக்கத்தில் வந்து நேராக நின்றார்.

மச்சினன் நெடுநேரம் இமைகளோடு போராடினான். உதடு காய்ந்திருந்தது. இவர் பஞ்சை நனைத்துத் தடவிவிட்டார்.

“மாமா.”

“இங்கதான் இருக்கேன். முடிஞ்சிடுச்சு. கல்லு வெளிய வந்தாச்சு.”

அவன் கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கிருந்தோ திரும்பி வருகிறவனைப்போல இவர் முகத்தைத் தேடிப் பிடித்தான்.

“மாமா, நான் சொன்னேனா? என் படத்ததானே சொன்னேன்?”

அவர் மாஸ்க்கை மெல்ல மூக்குக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினார்.